ஒன்பது மீட்டர் என்று திருத்தச் சொன்னவளுக்கு

என் செல்லத் தங்கச்சி கவிதாவுக்கு,

கிரேஸ் டீச்சருக்குக் கார்டு வந்துவிட்டது. இதை முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சித்தூரிலிருந்து போன் செய்தார். முதலில் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம், "செல்வம், வந்துடுச்சுப்பா" என்றார். எது வந்தது என்று நான் கேட்கவில்லை.

நீ போய் பத்து மாதம் ஆகிறது. இத்தனை நாள் உனக்கு ஒரு வரி எழுதாமல் இருந்தேன். எழுத உட்கார்ந்தால் நான் உனக்குச் செய்ததையும் எழுத வேண்டி வரும். அதுதான் தடுத்தது. இப்போது எழுதுகிறேன். உன்னைத் தெரிந்தவர்களும் படிக்கட்டும், தெரியாதவர்களும் படிக்கட்டும்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். நாம் ஆந்திரப் பக்கத்து நகரிக்காரர்கள். நைனா விசைத்தறி ஓட்டினார். நான் அந்தத் தறிகளைப் பழுது பார்க்கிற மெக்கானிக். என்னைவிட ஆறு வயது சின்னவளான நீ, திருப்பதியில் உடற்கல்வி படித்தாய். ரேணிகுண்டா ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்து நீச்சல் குளத்தில் கோச் ஆனாய். கடல் என்றால் நம் வீட்டில் வருஷத்துக்கு ஒரு முறை மெட்ராஸ் போய்க் கால் நனைத்துவிட்டு வருவதுதான்.

ஒரு கோடை லீவில் கூட வேலை செய்பவர்களோடு புதுச்சேரி போனாய். நாலு நாள் ஸ்கூபா பயிற்சி. திரும்பி வந்த அன்றைக்கு அம்மா உனக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"தண்ணிக்குள்ள மூச்சு வுட்டியா? பொய் சொல்லாதடி."

"நெசமாத்தாம்மா. முதுவுல சிலிண்டர் இருக்கும்."

"கேஸ் சிலிண்டரா?"

நீ சிரித்துச் சிரித்துப் புரையேறினாய். பிறகு பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் அட்டையை எடுத்துக் காட்டினாய். உன் போட்டோ, உன் பெயர், உனக்குத் தேர்வு வைத்தவரின் பெயர். பதினெட்டு மீட்டர் ஆழம் வரை துணையோடு போகலாம் என்றாய். நம் வீட்டில் ரேஷன் கார்டும் ஓட்டர் கார்டும்தான் அதுவரை கார்டு. அம்மா அதைப் புடவைத் தலைப்பால் துடைத்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அதோடு நிற்பாய் என்று நினைத்தேன். நீ நிற்கவில்லை. அடுத்த நிலை, அதற்கடுத்து ஆபத்தில் இருப்பவரை மீட்கிற பயிற்சி, அதற்கடுத்து உதவிப் பயிற்றுநர். ஒவ்வொரு லீவுக்கும் புதுச்சேரி பஸ். நான்கு வருஷத்தில் இன்ஸ்ட்ரக்டர் ஆகி வந்து, திருப்பதி குளத்தில் சனி ஞாயிறு காலையில் ஸ்கூபா வகுப்பு தொடங்கினாய். குளத்து மேனேஜர் உன்னைக் கேட்டாராம்: "கொண்ட மீத சமுத்ரமா மேடம்?" மலைமேல் கடலா என்று. அந்தத் தொட்டியில் எல்லாம் கற்றுக்கொண்ட பிறகுதான் கடல் என்று நீ சொன்னாய். சொன்னபடியே மாணவர்களைக் குளத்தில் வாரக்கணக்கில் வைத்திருந்து, தேறியவர்களை மட்டும் வேனில் ஏற்றிப் புதுச்சேரிக்குக் கூட்டிப் போனாய்.

என் ஷெட்டுக்கு வந்து ஒரு நாள் நீ விளக்கியதுதான் நான் உன் வேலையைப் பற்றி முதல் முறையாகக் கேட்டது.

"கார்டு குடுக்கறது கவர்மெண்ட்டா?"

"இல்லண்ணா. உலகத்துல நாலஞ்சு அமைப்பு இருக்குது. முங்கறவங்களே ஒக்காந்து, இன்னின்ன தெரிஞ்சாத்தான் ஒருத்தர தண்ணிக்குள்ள வுடணும்னு எழுதி வச்சிக்கிறாங்க. எந்த அமைப்புல படிச்சாலும் அடிப்படை ஒண்ணுதான். இங்க படிச்சவன் எந்த நாட்டுக்குப் போனாலும் அந்தக் கார்ட காட்டினா நம்பி சிலிண்டர் குடுப்பாங்க."

"முன்னபின்ன தெரியாதவன எப்படி நம்பறது?"

"அவன நம்பல. கையெழுத்து போட்டவங்கள நம்பறாங்க."

அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. ஒரு வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

நகரியில் தறிகள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்த நேரம் அது. எனக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலை வந்தால் பெரிது. அந்தமானில் ஒரு டைவிங் கடையில் சிலிண்டரில் காற்று அடைக்கிற கம்ப்ரசரும், அதை வாய்க்குக் கொண்டு வருகிற ரெகுலேட்டரும் பழுது பார்க்க ஆள் தேடுகிறார்கள் என்று நீதான் சொன்னாய். மெஷின் எனக்குப் பிரச்சினையே இல்லை. முதல்நிலை கார்டு மட்டும் இருக்க வேண்டும் என்றார்கள். "அதுக்கென்ன, என் தங்கச்சியே இன்ஸ்ட்ரக்டர்" என்று தெரு முழுக்கச் சொன்னேன். டீக்கடையில் சொன்னேன், தறி ஓனர்களிடம் சொன்னேன். கப்பல் டிக்கெட் எப்போது எடுக்கலாம் என்று விசாரிக்கவும் தொடங்கிவிட்டேன்.

குளத்தில் எல்லாம் செய்தேன். ஒன்றுதான் சரியாக வரவில்லை. தண்ணீருக்கடியில், கண்ணையும் மூக்கையும் மூடுகிற மாஸ்க்கை முழுதாகக் கழற்றி, மறுபடி மாட்டி, மூக்கால் ஊதித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். மூக்கில் தண்ணீர் ஏறினாலே எனக்கு உடம்பெல்லாம் உதறும். குளத்தில் எப்படியோ இரண்டு முறை செய்துவிட்டேன். நீ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, சரி கடலுக்கு வா என்றாய்.

அந்தப் புதுச்சேரி காலை. மூன்றாவது முழுக்கில் மணல் தரையில் முட்டி போட்டிருக்கிறேன். எதிரில் நீ. மாஸ்க்கைக் கழற்று என்று சைகை காட்டினாய். கழற்றினேன். உப்புத் தண்ணீர் கண்ணில் அடித்தது. மூக்கில் ஏறியது. அதற்கப்புறம் நான் யோசிக்கவே இல்லை. வாயிலிருந்த ரெகுலேட்டரைத் துப்பிவிட்டு, மூச்சை இறுகப் பிடித்துக்கொண்டு மேலே எம்பினேன்.

நீ என் மிதவை ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தாய். உன் மாற்று ரெகுலேட்டரை என் வாயில் திணித்தாய். நான் உன்னை அடித்தேன், கவி. முழங்கையால் உன் தாடையில் அடித்தேன். நீ விடவில்லை. என் நெஞ்சில் தட்டி, மூச்சை விடு விடு என்று காட்டி, அடி அடியாக மேலே கொண்டு வந்தாய். மூச்சைப் பிடித்தபடி அந்த ஆழத்திலிருந்து ஒரே எம்பாக வந்திருந்தால் நுரையீரல் கிழிந்திருக்கும். அது பாடத்தில் முதல் வாரமே வருகிறது. படித்து மார்க் வாங்கியவன்தான் நான்.

படகில் நீ எனக்குத் தண்ணீர் கொடுத்தாய், ஆக்சிஜன் கொடுத்து உட்கார வைத்தாய். உன் தாடை வீங்கியிருந்தது. கரைக்கு வந்த பிறகு சொன்னாய்:

"அண்ணா, கார்டு இல்ல."

"எல்லாம்தான் செஞ்சேனே. ஒண்ணு தான பாக்கி."

"அந்த ஒண்ணுதான் பாக்கி."

"நான் இன்னா முத்தா எடுக்கப் போறேன்? கரையில ஒக்காந்து மிஷினு ரிப்பேர் பண்ணப் போறேன். உனுக்குத் தெரியாதா?"

"தெரியும். கார்டுல அப்படி எழுதியிருக்காதே. அதப் பாத்து ஒருத்தன் உன்ன பதினெட்டு மீட்டருக்குக் கூட்டிக்கினு போவான். அப்ப உன் பக்கத்துல நான் இருக்க மாட்டேன்."

வேனில் நகரி வரைக்கும் நான் உன்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை. அந்தமான் வேலைக்கு வேறு ஒருவன் போனான். டீக்கடையில் "இன்னா செல்வம், கப்பல் இன்னும் கிளம்பலியா" என்று ஒருத்தன் கேட்டான். அவன் மேல் வந்த கோபத்தையும் உன் மேலேயே வைத்துக்கொண்டேன். பொங்கலுக்கு நீ வந்தபோது ஷெட்டிலேயே இருந்துவிட்டேன். அம்மா தட்டில் போட்டு அனுப்பியதை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். எட்டு மாதம் இப்படி ஓடியது.

அந்த எட்டு மாதத்தில்தான் அதைச் செய்தேன். உங்கள் அமைப்பிலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. பயிற்சி தொடங்கியவர்களுக்கெல்லாம் அனுப்பும் கேள்வித்தாளாம். பயிற்றுநர் எல்லாத் திறன்களையும் செய்து காட்டினாரா, உங்களைச் செய்ய வைத்தாரா, எந்த நேரத்திலாவது ஆபத்தில் இருப்பதாக உணர்ந்தீர்களா என்று கேட்டிருந்தார்கள். கடைசிக் கேள்விக்கு நான் எழுதினேன்: 'ஐந்து மீட்டர் ஆழத்தில் என் விருப்பத்துக்கு மாறாக என்னைப் பிடித்து இழுத்தார். மேலே போக விடவில்லை. உயிர் போய்விடும் என்று பயந்தேன்.'

ரெகுலேட்டரை நானே துப்பியதை எழுதவில்லை. நீ உன்னுடையதை என் வாயில் வைத்ததை எழுதவில்லை. பெயர் வெளியே தெரியாது என்று போட்டிருந்தது. அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அமைப்பு விசாரணை தொடங்கியது. முடிகிற வரைக்கும் யாருக்கும் ஸ்கூபா வகுப்பு எடுக்கக் கூடாது என்று, என் பெயரை மறைத்து நான் எழுதிய வரிகளோடு உனக்குக் கடிதம் வந்தது. அப்போதுதான் நீ நகரிக்கு வந்தாய். ஷெட்டில் நான் தறியின் பல்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நீ செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, பாவு உருளைமேல் உட்கார்ந்து, போனை நீட்டினாய்.

"அண்ணா, இது நீ எழுதினது தான?"

கையெல்லாம் கிரீஸ். அதைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"ஆமா."

"எழுதினது தப்புன்னு சொல்ல வரல. கேக்கறாங்க, நீ சொல்லிக்கிற. அதுக்குத்தான் கேள்வியே அனுப்பறாங்க. ஆனா அஞ்சு மீட்டர்னு போட்டுக்கிற. அது ஒம்போது. என் கையில கட்டியிருந்த கம்ப்யூட்டர்ல பதிவாயிக்குது. அத மட்டும் திருத்தி அனுப்பு."

"ஒம்போதுன்னா உனுக்குத் தான் இன்னும் கஷ்டம்."

"ஆமா. அதனாலதான் சரியா இருக்கணும்."

அவ்வளவுதான் பேசினாய். உள்ளே போய் அம்மாவிடம் காபி வாங்கிக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டாய். நீ ஏன் என்னைத் திட்டவில்லை? திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், கணக்கு சரியாகியிருக்கும். நீ அதற்கு வழியே வைக்கவில்லை.

அன்று மாலையே ஒன்பது மீட்டர் என்று திருத்தினேன். திருத்த உட்கார்ந்தவன் விட்டுப்போனதையும் எழுதினேன். ரெகுலேட்டர், மாற்று ரெகுலேட்டர், முழங்கை, எல்லாம். இது உனக்குத் தெரியுமா கவி? முதல் புகாரைத் தவிர, விசாரணையில் யார் என்ன எழுதினார்கள் என்பதைக் காட்ட மாட்டார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். நானும் சொல்லவில்லை. சொன்னால் மன்னிப்பு கேட்டதாகிவிடும் என்று ஒரு வீம்பு. அப்புறம் சொல்லலாம் என்றே இருந்துவிட்டேன்.

விசாரணை மூன்று மாதம் நடந்தது. நீ உன் பதிவேடுகளையெல்லாம் அனுப்பினாய். எந்த மாணவர் எந்தத் தேதியில் எந்தத் திறனை முடித்தார், யார் எத்தனை முறை செய்தார், எல்லாம் உன் குண்டு குண்டு எழுத்தில். சிலிண்டர்களை ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டி, சாவியைக் குளத்து மேனேஜரிடமே கொடுத்துவிட்டாய். அவரே சொன்னாராம், யார் பார்க்கப் போகிறார்கள், வகுப்பை நடத்துங்கள், கார்டு அப்புறம் வரட்டும் என்று. "வேணாம் சார், கேட்டுக்கினு இருக்காங்க, பதில் வரட்டும்" என்றாயாம். உன் மேல் சந்தேகப்பட்டவர்கள் பக்கமே நீ பேசினாய். அப்படி ஒருத்தியை அவர் அதுவரை பார்த்ததில்லை என்று உன் காரியத்துக்கு வந்தபோது என்னிடம் சொன்னார்.

அந்த மூன்று மாதமும் சனிக்கிழமை தவறாமல் சித்தூரிலிருந்து பஸ் ஏறி வந்தது கிரேஸ் டீச்சர் ஒருவர்தான். ஐம்பத்து மூன்று வயது, அறிவியல் ஆசிரியை, சித்தூரில் பழைய சர்ச்சு சபையைச் சேர்ந்த தமிழ்க் குடும்பம். முப்பது வருஷம் கடலைப் பற்றிப் பாடம் எடுத்தாயிற்று, ஒரு தரமாவது உள்ளே போய்ப் பார்க்க வேண்டாமா என்று உன்னிடம் சேர்ந்தவர். ஸ்கூபா கற்றுத்தரக் கூடாது என்பதால் நீ அவருக்கு மிதக்க மட்டும் கற்றுக்கொடுத்தாய். மல்லாந்து, கண்ணை மூடி, கையைக் காலை ஆட்டாமல். "அந்த மூணு மாசந்தான் செல்வம் என் பயத்த எடுத்துச்சு" என்று இப்போதும் சொல்கிறார். எனக்கு அதைக் கேட்கும்போது எங்கே பார்ப்பது என்று தெரியாது.

முடிவு வந்தது. உன் மேல் தவறில்லை. ஒரே ஒரு யோசனை மட்டும் சொல்லியிருந்தார்கள். குளத்தில் தயங்குகிறவர்களைக் கடலில் ஆழம் குறைந்த இடத்தில் மறுபடி பழக்கிவிட்டு, பிறகு கீழே கூட்டிப் போகலாம் என்று. வேறு யாராக இருந்தாலும் 'தவறில்லை' என்ற வரியை மட்டும் எல்லோருக்கும் காட்டியிருப்பார்கள். நீ எனக்குப் போன் செய்தாய். எட்டு மாதத்துக்குப் பிறகு நான் எடுத்தேன்.

"அண்ணா, அவங்க சொன்னது சரி. உன்ன குளத்துல இன்னும் ரெண்டு வாரம் வச்சிருக்கணும். நீ சரியில்லன்னு எனக்கு அன்னிக்கே தெரிஞ்சுது. வேலைக்கு அவசரம்னு கூட்டிக்கினு போயிட்டேன். அது என் தப்பு."

"துன்னியா?" என்று கேட்டேன்.

"துன்னேன். சனிக்கிழம வா" என்றாய்.

வந்தேன். அதற்குள் வீட்டில் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, மாஸ்க் இல்லாமல் முகத்தை வைத்து, ஒரு குழாயால் மூச்சு விட்டுப் பழகினேன். அம்மா துணி துவைத்துக்கொண்டே பார்த்துவிட்டு, "ஒருத்திக்குப் பித்துன்னு நெனச்சேன், ரெண்டும் அப்படித்தான் போல கீது" என்றாள். குளத்தில் ஆறு வாரம். கடைசியில் மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுக் குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உன் தோளைப் பிடித்துக்கொண்டு அடியில் நீந்தினேன்.

ஆனால் கடல் தேர்வை நீ வைக்கவில்லை. "உன்ன நான் தேத்தினாலும் தப்பு, தேத்தாட்டியும் தப்பு. தெரியாத ஒருத்தர் பாக்கட்டும்" என்றாய். நான் முடித்தவற்றை ஒரு படிவத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, விசாகப்பட்டினத்தில் ரமணா என்ற பயிற்றுநரிடம் அனுப்பினாய். ஓரிடத்தில் பாதி படித்தவர் இன்னோர் இடத்தில் மீதியை முடிக்கலாம் என்று அமைப்புகள் வைத்திருக்கிற அந்த ஏற்பாடு அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ரமணா காரு, அதாவது ரமணா சார், உன் படிவத்தை இரண்டு முறை படித்தார். "மெல்லகா செய்யண்டி. தொந்தர லேது" என்றார். மெதுவாகச் செய்யுங்கள், அவசரம் இல்லை. கீழே போனோம். கழற்றினேன். கண் எரிந்தது. என் மூச்சுக் குமிழிச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு இருந்தேன். உள்ளே இழு, வெளியே விடு. மாட்டினேன், ஊதினேன். கண்ணைத் திறந்தால் அவர் கையில் சரி என்ற சைகையோடு எதிரே இருந்தார். அவருக்குப் பின்னால் தண்ணீர் பச்சையாக எவ்வளவு தூரம் போகிறது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதுவரை கடலில் நான் எதையுமே பார்த்ததில்லை. பயத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

கரையிலிருந்து உனக்குப் போன் செய்தேன்.

"கழட்டினியா?"

"கழட்டினேன்."

"எத்தினி நேரம்?"

"ஒரு நிமிஷம் இருக்கும்."

"கண்ணு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது."

"அப்ப சரி" என்றாய். போனை வைக்காமல் இருந்தாய். நானும் வைக்கவில்லை. அங்கே குளத்தில் யாரோ குதிக்கும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு அந்தமான் நினைப்பே எனக்கு வரவில்லை. உன்னுடைய ரெகுலேட்டர்களைப் பிரித்து, சுத்தம் செய்து, மாட்டிக் கொடுப்பது என் வேலை ஆயிற்று. புதுச்சேரியிலிருந்தும் சாமான்கள் வந்தன. இரண்டு வருஷம். நம் இருவருக்கும் நல்ல காலம் அதுதான், இல்லையா?

பிறகு அந்தப் படிவம். பயிற்றுநர்களுக்கே பயிற்சி கொடுக்கிற நிலைக்குப் போக நீ விண்ணப்பித்தாய். மாணவர்களுக்கு நீ எப்போதும் நீட்டுகிற அதே மருத்துவக் கேள்வித்தாள் உனக்கும் வந்தது. குளத்து மேடையில் உட்கார்ந்து நிரப்பினாய். நான் பக்கத்தில் இருந்தேன். சமீபத்தில் காரணமில்லாமல் மூச்சு வாங்குகிறதா, களைப்பு இருக்கிறதா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று டிக் போட்டாய்.

"இல்லன்னு போடேன். மாடி ஏறினா எல்லாத்துக்கும்தான் மூச்சு வாங்குது. ஆமான்னா டாக்டர் சர்டிபிகேட்டு கேப்பாங்க, இந்த வருஷம் போச்சு."

"இந்தக் கேள்விக்கு ஆமான்னு போட்டவங்க எத்தினி பேர நான் திருப்பி அனுப்பிச்சிருக்கேன்? அவங்க முன்னாடி எந்த மூஞ்சிய வச்சிக்கினு நிப்பேன்?"

திருப்பதி டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு வேலூருக்கு எழுதிக் கொடுத்தார். ரத்தப் புற்றுநோய். 'இல்லை' என்று போட்டிருந்தால் இன்னும் தாமதமாகத் தெரிந்திருக்கும் என்றார் வேலூர் டாக்டர். உனக்கு அந்த ஒரு வருஷம் கிடைத்ததே அந்த ஒரு டிக்கினால்தான். ஆனால் அன்றிலிருந்து நீ தண்ணீரில் இறங்கவில்லை. இறங்க வேண்டும் என்று ஒரு நாளும் கேட்கவும் இல்லை. ஜன்னல் பக்கம் படுக்கை வேண்டும் என்று மட்டும் கேட்டாய்.

வேலூரில் உன் கவலை வேறு ஒன்றாக இருந்தது. "ஏழு பேர் பாதியில கீறாங்கண்ணா. நான் போயிட்டா அவங்க முதல்லருந்து ஆரம்பிக்கணும். அது கூடாது." உன் பதிவேட்டை வீட்டிலிருந்து எடுத்து வரச் சொன்னாய். இடது கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்க, வலது கையால் ஏழு பேருக்கும் படிவம் எழுதினாய். என்ன முடித்தார்கள், என்ன பாக்கி, ஒவ்வொன்றுக்கும் தேதி, கையெழுத்து. "அக்கா, படுங்க, நாளைக்கு எழுதலாம்" என்று நர்ஸ் வந்து வந்து சொன்னார். ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் உன்னால் எழுத முடியவில்லை. ஒரு வாரம் ஆயிற்று. பள்ளி லீவில் மட்டும் கடலுக்கு வந்து போன கிரேஸ் டீச்சரின் படிவத்தில் கடைசியில் எழுதியிருந்தாய்: 'மூன்று கடல் முழுக்குகள் முடிந்தன. நான்காவது பாக்கி. மெதுவாகத்தான் இறங்குவார். அவசரப்படுத்த வேண்டாம்.'

ஏழு பேரில் இரண்டு பேர் விட்டுவிட்டார்கள். அதையும் சொல்லத்தானே வேண்டும். ஒருவருக்குக் கல்யாணம், ஒருவர் ஹைதராபாத் போய்விட்டார். மற்ற ஐந்து பேரும் முடித்துவிட்டார்கள். கிரேஸ் டீச்சர்தான் கடைசி.

நீ போன அன்றைக்கு நகரி ஆற்றங்கரைக்கு உன் மாணவர்கள் ஒரு வேன் நிறைய வந்தார்கள். ஒருத்தரும் சத்தம் போட்டு அழவில்லை. நீ பழக்கியது அப்படி, எல்லோரும் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு நின்றார்கள். அம்மாதான் அவர்களைப் பார்த்து, "அழுங்களேம்மா, ஏன் இப்படி நிக்கிறீங்க" என்றாள். அப்புறம்தான் அழுதார்கள்.

போன மாதம் புதுச்சேரியில் டீச்சரின் நான்காவது முழுக்கு. வேறு பயிற்றுநர், டீச்சருக்குத் துணையாக நான். படகில் கண்ணை மூடி ஜெபம் செய்தார். நீ எழுதியபடியே மெதுவாக இறங்கினார். ஒவ்வொரு அடிக்கும் காதடைப்பை எடுத்துக்கொண்டு, கயிற்றைப் பிடித்தபடி. யாரும் அவசரப்படுத்தவில்லை. கீழே போனதும் கையைக் காலை ஆட்டாமல் அப்படியே மிதந்தார், கவி. ஒரு சின்ன மீன் கூட்டம் அவர் விரலிடுக்கில் புகுந்து போயிற்று. காற்று குறைகிறது, மேலே போகலாம் என்று பயிற்றுநர் மூன்று முறை காட்ட வேண்டியிருந்தது.

நேற்று சித்தூருக்குப் போய்க் கார்டைப் பார்த்தேன். டீச்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுல கவிதா பேரு இல்லியே, செல்வம்."

"கடைசியா முங்கினத யாரு பாத்தாங்களோ அவங்க பேருதான் போடுவாங்க டீச்சர். அதுதான் விதி. முங்கினதெல்லாம் எழுதற உங்க லாக் புக்குல மொதல் மூணு பக்கமும் அவ கையெழுத்துதான்."

"தெரியும்பா" என்றார். கார்டை லாக் புக்குக்குள் வைத்துக்கொண்டே, "இருந்தாலும்" என்றார்.

எனக்கும் 'இருந்தாலும்' என்றுதான் இருந்தது. ஆனால் உன் பெயரை எங்கேயாவது நுழைத்துவிடலாமா என்று யாராவது கேட்டிருந்தால், நீ முதல் ஆளாக வேண்டாம் என்றிருப்பாய்.

இங்கே மற்ற செய்தி எல்லாம் நல்லதுதான். மெட்ராஸிலிருந்து ஒரு பயிற்றுநர் மாதம் இரண்டு முறை திருப்பதிக்கு வருகிறார். நான் அவருக்கு உதவியாள். மீட்புப் பயிற்சி முடித்துவிட்டேன். பயந்து திமிறுகிறவரை மேலே கொண்டு வரும் தேர்வில், முழங்கையால் அடிக்கிற ஆள் மாதிரி ஒருவர் நடித்தார். அவரை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தபோதுதான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது.

அம்மா இந்த வாரம் ஒன்று கேட்டாள். காலையில் தலை வாரிக்கொண்டே, ரொம்ப நாளாக யோசித்து வைத்திருந்த மாதிரி.

"செல்வம், அவ அங்க இன்னாத்த பாத்தான்னு நானும் ஒரு தபா பாக்கணும்டா."

"கடலுக்கா?"

"கொளத்துல போதும். அவ நின்ன எடத்துல."

இடுப்பளவு தண்ணீரில் மூச்சு விட்டுப் பார்க்கலாம், அதற்கும் படிவம் உண்டு என்றேன். கேள்விகளை நான் வாசித்தேன், அம்மா பதில் சொன்னாள். ரத்தக் கொதிப்பு என்ற இடத்தில் என் கையிலிருந்து பேனாவை வாங்கி அவளே டிக் போட்டாள். இனி டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை கூட்டிப் போகிறேன்.

"எனுக்கும் கார்டு குடுப்பாங்களா?" என்றாள்.

"ஒரு தபா மூச்சு வுட்டதுக்கெல்லாம் கார்டு இல்லம்மா. எல்லாத்தையும் செஞ்சாத்தான்."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அவளாட்டமே பேசற" என்றாள்.

கவி, உனக்கு ஒரு வாக்கு. டாக்டர் சரி என்றால், வருகிற சனிக்கிழமை காலையில் அம்மாவின் கையைப் பிடித்து உன் குளத்தில் இறக்குகிறேன். வேண்டாம் என்றால், படியில் உட்கார வைத்து, மாஸ்க்கை மட்டும் மாட்டி, முகத்தைத் தண்ணீரில் வைக்கச் சொல்கிறேன். இரண்டில் எதுவானாலும் அவள் பார்க்கிற வரைக்கும் பார்க்கட்டும். நான் கையை விட மாட்டேன்.

உன்னிடம் தேறாமல் போன மாணவன்,
உன் அண்ணன்
செல்வம்,
நகரி.